பத்தாவது கவர்

ஜனவரி 12

இல்லை அக்கா, கோபமெல்லாம் இல்லை. மாதாமாதம் நீ அனுப்பும் பணம் நின்றால் நிற்கட்டும். எழுதுவது நிற்கக் கூடாது. அப்பா இதையே இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அவளுக்கு அவ குடும்பம் இருக்குல்ல."

நானும் அப்பாவும் சுகம். நீ, அத்தான், வாண்டு மூவரும் சுகம்தானே? உன் முதுகுவலியைப் பற்றி நீயாக எழுத மாட்டாய். அதனால் கேட்கிறேன்.

நீங்கள் போனை விட்டது நல்லதுதான். கடன்காரர்கள் மட்டும் கூப்பிடுகிற போன் எதற்கு? அப்பாவுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம். முப்பத்தோரு வருஷம் தபால் நிலையத்தில் தினக்கூலிக்குக் கடிதம் பிரித்தவருக்கு இப்போதுதான் வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. உன் கவரை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு தாள். நடுவுல ஏதோ அட்டை." சரியாகத்தான் சொன்னார். அட்டை உங்கள் சபையின் நாட்காட்டி. சுவரில் மாட்டிவிட்டேன். ஜெபிக்காதவள் தேதி பார்க்கக் கூடாதா என்ன?

வீடு அப்படியேதான் இருக்கிறது. கீழே சைக்கிள் கடை, மேலே நாங்கள். நாள் முழுக்க யாரோ காற்றடிக்கிற சத்தம். கல்லூரியில் இந்தப் பருவம் எனக்கு நாலு வகுப்பு. பாடம் எடுத்த மணிக்குத்தான் சம்பளம். பல்பு மங்கலாக எரிகிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மாற்றினேன். புதியதும் மங்கல் என்கிறார். "இப்பல்லாம் வெளிச்சத்துலயும் கலப்படம் பண்றானுங்க."

அந்தக் கவர் வகுப்பைப் பற்றி எழுது. சிரிக்க மாட்டேன். கொஞ்சம்தான் சிரிப்பேன்.

உன்,
சிட்டு


ஜனவரி 27

அன்புத் தங்கைக்கு அக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூன்று பேரும் சுகம். அங்கே இரண்டு பேரும் சுகம் என்று படித்து மனசு நிறைந்தது. என் முதுகுக்கு என்ன? நாள் முழுக்கக் குனிந்து சட்டைக் காலர் தைத்தால் முதுகு பேசத்தான் செய்யும். பேசிவிட்டுப் போகட்டும்.

சிரி, பரவாயில்லை. முதலில் நானும் சிரித்தேன்.

ஞாயிறு ஜெபம் முடிந்ததும் சபையின் பின்னறையில் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேஷியர் அண்ணன். பேசும்போதுகூட விரலில் எச்சில் தொட்டுக்கொள்வார், வார்த்தையையும் எண்ணித்தான் கொடுப்பவர் மாதிரி. சம்பளம் வந்த அன்றே பிரித்துக் கவர்களில் போட வேண்டும். முதல் கவர் ஆண்டவருக்கு. பிறகு வாடகை, பள்ளிக்கூடம், அடுப்பு, மருந்து, கடன், இப்படி. அடுப்படியில் ஒரு கயிறு கட்டி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பால் வரிசையாக மாட்டியிருக்கிறேன். மொத்தம் ஒன்பது.

கவரின் மேல் பேர் எழுதி, கை வைத்து ஜெபித்துவிட்டால் அந்தப் பணம் அந்தப் பேருக்குச் சொந்தம். வேறெதற்கும் தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் கேஷியர் அண்ணனும் இன்னொருவரும் சாட்சி நின்று ஜெபித்து விடுவிக்க வேண்டும். உன் அத்தான் முதல் மாதமே ஆண்டவர் கவரிலிருந்து சிகரெட்டுக்கு எடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை தந்துடறேன்" என்று சீட்டு எழுதி உள்ளே வைத்திருந்தார். கேஷியர் அண்ணன் அதை வகுப்பில் வாசித்துக் காட்டி, "வட்டி எவ்வளவுன்னு போடலையே தம்பி" என்றார். அன்றோடு சிகரெட் போயிற்று.

இதெல்லாம் ஏன் என்று கேட்பாய். போன வருஷம் வட்டிக்காரர் வந்து எங்கள் லோடு ஆட்டோ மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். உன் அத்தான் குளியலறைக் கதவுக்குப் பின்னால். வாண்டு வாசலில் போய் நின்று, "அப்பா ஊருக்குப் போயிருக்காங்க" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிட்டு. ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலில் தேய்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு வயசில் அப்பாவுக்காக நான் நின்ற மாதிரியே. அதே வார்த்தை. அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அக்டோபரில் எல்லாக் கடனும் தீர்ந்துவிடும். கடன் தீர்த்த குடும்பம் சபைக்கு முன்னால் நின்று ஒவ்வொருவராக, "இனி என் மேல் யாருக்கும் பாக்கி இல்லை" என்று சொல்ல வேண்டும். நீயும் அப்பாவும் வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும்.

ஜெபத்தில் உங்களை மறக்காத,
அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

சுகம். நீங்களும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவரே படிக்கலாம், ஆனால் நான் படித்தால்தான் பிடித்திருக்கிறதாம். சிகரெட் சீட்டுக்குச் சிரித்தார். வாண்டு வாசலில் நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். தாளைப் புரட்டும் சத்தம் அவருக்குத் தெரியும். "என்ன, ஒரு பாரா கம்மியா இருக்கே" என்றார்.

ஒரு கேள்வி. கயிற்றில் பேரே இல்லாத செலவு ஒன்று வந்தால் உங்கள் வகுப்பில் என்ன செய்யச் சொல்வார்கள்? அப்பாவுக்கென்று ஏதாவது கவர் உண்டா?

கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருந்தேன்.

இதற்கடுத்த வரியை மையால் அடித்திருக்கிறேன், பார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, எழுத எழுத உரக்கப் படிக்கச் சொல்கிறார். அந்த வரி வந்ததும் அடிக்கச் சொன்னார். கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான் என்று எழுதச் சொல்கிறார்.

கண்ணாடி மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

சிட்டு


மார்ச் 4

அன்புள்ள சிட்டு,

இங்கே சுகம். வாண்டுவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இதனோடு ஐந்நூறு வைத்திருக்கிறேன், கண்ணாடிக்கு. மருந்துக் கவரிலிருந்து எடுத்தேன். கண்ணாடியும் மருந்துதான் என்று உன் அத்தான் வாதாடி ஜெயித்தார். அப்பாவுக்கென்று தனியாக இப்போது எதுவும் இல்லை, கண்ணு. அக்டோபர் வரை பொறுத்துக்கொள். அப்புறம் நானே வந்து கூட்டிப் போய் ஊரிலேயே நல்ல டாக்டரிடம் காட்டுகிறேன்.

மளிகைக் கடை பாக்கியும் ஆட்டோ டயர் கடனும் முடிந்தன. வட்டிக்காரர் மட்டும்தான் மிச்சம். போன வாரம் தெருவில் எதிரே வந்தார். ஒதுங்கவில்லை. நேராகப் பார்த்து, "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டேன். அவர்தான் ஒதுங்கிப் போனார். இதை எத்தனை பணம் கொடுத்து வாங்க முடியும், சொல்.

ஒன்று மட்டும் கேள். நீ யாரிடமும் கடனென்று கை நீட்டாதே. எனக்கு வாக்குக் கொடு. அம்மா மேல் ஆணை. அம்மா போன அன்றைக்கு உனக்கு நாலு வயசு, ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்,
அக்கா


மார்ச் 9
(தபாலில் சேர்க்காதது)

அக்கா,

அடித்த வரி இதுதான்: ஆபரேஷன் செய்தால்தான் பார்வை நிற்கும்.

மருத்துவர் ஒரு பெண். என் வயசுதான் இருக்கும். மேஜையில் இருந்த பேனா மூடியை அப்பாவின் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தார். மூக்குக்கு நேரே வரும்வரை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஆங், இப்பத் தெரியுது" என்றார், தான் ஜெயித்துவிட்ட மாதிரி.

"கண்ணுக்குள்ள அழுத்தம். சுத்திலும் பார்வை போயாச்சு. நடுவுல கொஞ்சம் இருக்கு. மூணு மாசத்துக்குள்ள பண்ணிட்டா அத நிறுத்தி வைக்கலாம். போனது போனதுதான், அது திரும்பாது."

செலவு நாற்பதாயிரம். என்னிடம் பதினோராயிரம் இருக்கிறது. கல்லூரியில் முன்பணம் கேட்டேன். மணிக் கணக்கு ஆட்களுக்கு முன்பணம் இல்லை. இலவச மருத்துவமனையில் வரிசை. செப்டம்பர் பதினாறு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சக ஆசிரியை ஒருத்தி, "நான் தரேன், மெதுவா குடு" என்றாள். உன் கடிதம் பையில் இருந்தது. வேண்டாம் என்றேன்.

மாடிப்படி பதினேழு. அப்பா எண்ணித்தான் இறங்குகிறார். எத்தனை மாதமாக எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியாது.

படியிலேயே உட்கார்ந்து சொன்னார்: "அக்காவுக்கு எழுதாத. அவ கட்டின கயித்த நாம அறுக்க வேணாம். பதினோரு வயசுல அவள வாசல்ல நிக்க வச்சிட்டு நான் கட்டிலுக்கடியில படுத்திருந்தேன். அது எந்தக் கவர்ல போட்டாலும் தீராது."

இதை அனுப்பப்போவதில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால்.


ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

அப்பாவும் நானும் சுகம். வாண்டுவின் காய்ச்சல் முழுதாக விட்டதா?

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அப்பாவுக்கு அழகாக இருக்கிறது. சொட்டு மருந்தும் போடுகிறோம். வாக்குக் கேட்டாயே, கொடுத்தேன். யாரிடமும் வாங்கவில்லை.

இங்கே வெயில். விடுமுறை ஆரம்பித்துவிட்டது, ஆகவே சம்பளம் இல்லை. வேறு விசேஷம் இல்லை.

சிட்டு


ஜூன் 14

அன்புத் தங்கைக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. நீயும்தான் எழுதவில்லை. நாங்கள் சுகம். அப்பா சுகமா? புதுக் கண்ணாடியில் ஒரு போட்டோ அனுப்பக் கூடாதா?

தையல் கூடத்தில் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை. கடன் கவர் அவ்வளவு வேகமாக நிறைகிறது. அக்டோபரில் சபைக்கு முன்னால் நிற்கும்போது நான்தான் பேச வேண்டும் என்று கேஷியர் அண்ணன் சொல்லிவிட்டார். "காலர் தைக்கிறவ பேச என்னண்ணே இருக்கு?" என்றேன். "கழுத்துக்குக் கத்தி வராம காலர் தச்சவம்மா நீங்க" என்றார். எழுதி வைத்துக்கொண்டு பேசுவாரோ என்னவோ!

வேலைக்கு நேரமாகிறது. மிச்சத்தை அத்தான் எழுதுகிறார். உனக்கு எழுதி நாளாயிற்று என்றார்.

அக்கா

சிட்டு, அத்தான் எழுதுவது. உன் அக்கா கவர் ஒன்பது என்று எழுதியிருப்பாளே? பத்து. பத்தாவது கயிற்றில் இல்லை, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால். மேலே "அப்பா" என்று இருக்கிறது. உள்ளே தேதி போட்ட சீட்டைப் பார்த்தால், மூன்று வருஷமாகக் கூடுதல் வேலைக் காசில் கொஞ்சம் சேர்த்திருக்கிறாள். என்னிடம்கூடச் சொன்னதில்லை. எறும்பு வருகிறதே என்று டப்பாவை நகர்த்தினேன், கிடைத்தது. நாற்பத்திரண்டாயிரம்! எதற்கு என்று தெரியாது. அப்பாவை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப் போகவோ என்னவோ. மாமாவிடம் சொல், அவர் பெண் அவரை மறக்கவில்லை என்று. நான் சொன்னதாக அவளிடம் சொல்லிவிடாதே, தோலை உரித்துவிடுவாள்.


ஜூன் 20

அக்கா,

நலம் விசாரிக்க இன்று நேரமில்லை.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருப்பதை உடனே அனுப்பு. அத்தானைத் திட்டாதே.

மார்ச்சில் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த தாளை இதனோடு வைத்திருக்கிறேன். படி. மூன்று மாதம் தாண்டிவிட்டது. நேற்று மருத்துவரைப் பார்த்தேன். ஒரு சாவித் துவாரம் அளவுக்கு இன்னும் இருக்கிறது, உடனே வந்தால் அதையாவது நிறுத்தி வைக்கப் பார்க்கலாம் என்றார்.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

சிட்டு


ஜூலை 29

சிட்டு,

இதனோடு பதிவுத் தபாலில் அந்தக் கவர் வருகிறது. எண்ணிப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து முப்பத்தாறு நாள். நீ எண்ணியிருப்பாய். நானும் எண்ணினேன். இடையில் நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அது சரிதான்.

அது அப்பாவை எங்கேயும் கூட்டிப் போக வைத்த பணம் இல்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வைத்தது.

அம்மா போன அன்று, பாதிக் காசு கைக்கு வராமல் சவப்பெட்டி தர முடியாது என்று தச்சர் சொல்லிவிட்டார். அப்பா காலையில் கடன் கேட்கப் போனார். மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அதுவரை அம்மா தரையில், பாயில். ஐஸ் வாங்கக் காசில்லை. ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஈ ஓட்டியது நான். "அம்மா ஏன் இன்னும் எழுந்திருக்கல?" என்று கேட்டுக்கொண்டே நீ பிஸ்கட் தின்றாய். ஒரு துண்டை அம்மா வாயில் வைக்கப் போனாய். உன் கையில் அடித்தேன். அது மட்டும் உனக்கு ஞாபகம் இருந்துவிடக் கூடாதே என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அப்பாவுக்கு அப்படி ஆகக் கூடாது என்று மூன்று வருஷமாகச் சேர்த்ததை, வகுப்பில் சேர்ந்ததும் கவரில் போட்டேன். உயிரோடு இருக்கிறவருக்கு அடக்கம் என்று எழுதக் கை வரவில்லை. "அப்பா" என்று மட்டும் எழுதினேன். மற்றதைக் கை வைத்து ஜெபித்தபோது சொன்னேன்.

உன் கடிதம் படித்த அன்றே டப்பாவை நகர்த்தி எடுத்தேன். பிரிக்க முடியவில்லை. ஆண்டவருக்கு முன்னால் ஒன்றுக்கென்று வைத்ததை, விடுவிக்காமல் எப்படித் தொடுவது? கேஷியர் அண்ணன் மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தார். மூன்று தடவை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உன் அத்தான் கத்தினார். "நான் பிரிக்கிறேன், என் மேல பாவம் வரட்டும்" என்றார். கவரைச் சேலைக்குள் வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் வேலைக்குக்கூட அப்படித்தான் போனேன்.

முந்தாநாள் அண்ணன் வந்தார். வாசலிலேயே எல்லாம் சொன்னேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சட்டம் சிகரெட்டுக்கும் சினிமாவுக்கும் கை போகாம இருக்கப் போட்டதும்மா. அப்பா கண்ணுக்கா பூட்டு போட்டேன்?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மேல் தப்பில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நீ அடித்த வரியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தால் படித்திருக்கலாம். கையில் எடுத்தேன். தூக்கவில்லை. தெரிந்துவிட்டால் இந்தக் கவர் ஞாபகம் வரும் என்று.

அப்பாவுக்கு எப்படி இருக்கிறது என்று எழுது. எப்படி இருந்தாலும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்கா,

ஆறாம் தேதி கூட்டிப் போனேன். அதே மருத்துவர். அதே பேனா மூடி. பக்கத்திலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தார். மூக்குக்கு நேரே வந்தது, தாண்டியது, அந்தப் பக்கம் போயிற்று. அப்பா இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "ஆரம்பிக்கலாம் டாக்டர்" என்றார்.

வெளியே வந்ததும் மருத்துவர் என்னிடம் மட்டும் சொன்னார், இனிச் செய்து பயனில்லை என்று. மட்டும் என்று எழுதுகிறேன். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

வீட்டுக்கு வந்ததும் உன் கவரை அவர் கையில்தான் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார். "பதிவுத் தபால்ல காசு வைக்கக் கூடாதுன்னு தபால்காரன் பொண்ணுக்குத் தெரியாதா?" என்றார். "மேல என்ன எழுதியிருக்கா?" "அப்பா." "உள்ள எதுக்குன்னு?"

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் அப்பா, "பெட்டிக்கா?" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. ஒரு வரிகூட இல்லை. அவராகவே கண்டுபிடித்தார். "அவங்கம்மாவுக்கு நேரத்துக்கு வாங்க முடியல. அதான் வச்சிருக்கா. திருப்பி அனுப்பிடு. அவ எதுக்கு வச்சாளோ அதுக்கே இருக்கட்டும்."

அனுப்புகிறேன். பணம் சரியாக இருக்கிறது.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்க மாட்டாய். இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. மார்ச் ஒன்பதாம் தேதித் தாளை மூன்று மாதம் நிகண்டுக்குள் வைத்திருந்தது நான். தபால் பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது.

அக்டோபரில் எங்களால் வர முடியாது.

சிட்டு


அக்டோபர் 30

சிட்டு,

அங்கே சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். இங்கே சுகம்.

கடன் தீர்ந்தது. வட்டிக்காரர் பத்திரத்தைத் திருப்பித் தந்தபோது உன் அத்தான் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். வாண்டு இனி யாருக்கும் வாசலில் நிற்க வேண்டாம். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இது நிஜம்.

ஞாயிறு சபைக்கு முன்னால் நின்றோம். முன்வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தன. யாரையும் உட்கார விடவில்லை. உன் அத்தான் சொன்னார், "இனி என் மேல் யாருக்கும் பாக்கி இல்லை." வாண்டு சொன்னாள். என் முறை வந்தது.

வாய் திறந்தேன். வரவில்லை. மறுபடி திறந்தேன். "இனி என் மேல்" என்றுவரை வந்தது. அதற்கு மேல் இல்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். ரொம்ப நேரம் தட்டினார்கள். கேஷியர் அண்ணன் மட்டும் தட்டவில்லை.

நீ திருப்பி அனுப்பிய கவர் டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பார்க்கவும் முடியவில்லை, வேறிடத்தில் வைக்கவும் முடியவில்லை. அதை என்ன செய்ய, சொல்.

இதை அப்பாவுக்குப் படிக்காதே.

அக்கா


நவம்பர் 8

அக்கா,

படித்தேன். முழுவதும். எப்போதும் தாண்டித் தாண்டிப் படிப்பேன். இந்தத் தடவை "படிக்காதே" என்று நீ எழுதியதையும் சேர்த்துப் படித்தேன்.

முடிந்ததும் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். விரலால் தடவிப் பார்த்தார். "அழுத்தி எழுதியிருக்காளா?" "ஆமா." "முன்னல்லாம் அவ எழுத்து வலப்பக்கம் சாயும். இப்ப?" "இப்பவும் சாயுதுப்பா." "சரி" என்றார், ஏதோ ஒன்று உறுதியாகிவிட்ட மாதிரி.

அப்புறம், நீ கேட்டதற்கு அவருடைய பதில். அவர் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் அடிக்காமல்.

"கடனெல்லாம் முடிஞ்சிருச்சில்ல. வந்து போகறதுக்குன்னு கவர் போட்டிருக்காளா, கேளு. போட்டிருக்க மாட்டா. பெட்டி மெதுவா வாங்கிக்கலாம், எனக்கொண்ணும் அவசரமில்ல. வந்து அவ எழுதினத அவளே ஒரு தடவ படிக்கட்டும். நீ படிக்கறப்ப எனக்கு உன் குரல்தான் கேக்குது."

நாங்கள் சுகம்.

சிட்டு


இந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பதினைந்தாம் தேதி காலை அக்கா வேலைக்குப் போகாமல், சர்க்கரை டப்பாவை நகர்த்தி, கவரைப் பிரித்து, ஒரு பயணச்சீட்டு வாங்கினாள். நான் எழுதிய கடிதங்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். மறுநாள் பதினேழு படி ஏறி வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடமிருந்த அவள் கடிதங்களையும் சேர்த்து, ஜனவரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.